உப்புவெளி வரை: பழைய ஹாட் ராடை நெடும்பயணத்துக்குத் தயார் செய்தல்

ஹாட் ராட் தொடக்கத்திலிருந்தே சாலையில் ஓடிய வண்டி. 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் விலை மலிந்த பழைய ஃபோர்டு கார்களை வாங்கினார்கள். மட்கார்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்தார்கள், எஞ்சினின் சக்தியைக் கூட்டினார்கள், வீட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டு மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்குப் போனார்கள். அங்கே முழு வேகம் பார்த்துவிட்டு, அதே வண்டியில் வீடு திரும்பி மறுநாள் வேலைக்கும் போனார்கள். 1949இல் பந்தயம் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புவெளிக்கும் பரவியது. அங்கே ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கும் வேக வாரத்துக்கு இன்றும் சிலர் பழைய வண்டிகளை ஓட்டியே வருகிறார்கள். டிரெய்லரில் ஏற்றி வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த அத்தியாயம் ஓட்டிப் போக நினைப்பவர்களுக்கானது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே வண்டியை வைத்துக்கொள்வோம். 1932ஆம் ஆண்டு ஃபோர்டு ரோட்ஸ்டர் உடலும் சட்டமும், அதில் 1949 முதல் 1953 வரை வந்த 8பிஏ வகை ஃப்ளாட்ஹெட் வி-8 எஞ்சின், மேலே இரண்டு ஸ்ட்ராம்பர்க் 97 கார்புரேட்டர்கள். வழக்கமாகக் காணக்கூடிய கூட்டணிதான். வழி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸ், அங்கிருந்து 93ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஈலி, பிறகு உப்புவெளியின் விளிம்பிலுள்ள வெண்டோவர். சுமார் 630 மைல், முழுக்கக் கோடை. உங்கள் வண்டியில் செவ்ரோலே எஞ்சின் இருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

பணம் செலவழிக்கும் வரிசையை முதலில் முடிவு செய்யுங்கள். முதலில் நிற்கவும் திரும்பவும் வேண்டியவை, அடுத்து சூட்டைத் தணிப்பவை, அதன்பின் மின்சாரமும் பெட்ரோலும், பிறகு கியர். குதிரைத்திறன் கடைசி. கையில் காசு வந்ததும் நேராகக் கேம் ஷாஃப்ட்டும் அலுமினிய ஹெட்டும் வாங்கப் போகிறவர்களின் வண்டிகள்தான் பாலைவனச் சாலையோரங்களில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கின்றன. 8பிஏ எஞ்சின் அதன் பிறந்த நிலையிலேயே 100 குதிரைத்திறன் கொடுக்கும். இவ்வளவு லேசான வண்டிக்கு அது தாராளம்.

நிற்பதும் திரும்புவதும்

1932 ஃபோர்டு கம்பி இழுவை பிரேக்கோடு வந்தது. ஃபோர்டு நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது 1939இல்தான். அதனால் உங்கள் வண்டியில் ஏற்கெனவே யாராவது 1940 ஃபோர்டின் 12 அங்குல டிரம்களை மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஹாட் ராட்காரர்கள் போருக்கு முன்பிருந்தே செய்துவரும் மாற்றம் அது. அந்த டிரம்கள் போதுமா என்று பலரும் கேட்கிறார்கள். சரியாக அமைத்தால் போதும் என்பதே என் கருத்து. லைனிங்கின் வளைவும் டிரம்மின் உள்வளைவும் ஒன்றோடொன்று படிய வேண்டும். டிரம்மைக் கடைந்து விட்டமேற்றிய பிறகு புது ஷூவை அப்படியே மாட்டினால் நடுவில் மட்டும்தான் உராயும். ஷூவை டிரம்முக்கேற்ப வளைவு தேய்த்துக் கொடுக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள். ஷூவின் அடிமுனையிலுள்ள ஆங்கர் போல்ட்டுகளையும் மேலேயுள்ள எக்சென்ட்ரிக்குகளையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். மேலே மட்டும் திருகிவிட்டு பிரேக் மோசம் என்று சொல்வது அந்த டிரம்முக்குச் செய்யும் அநியாயம்.

பழைய மாஸ்டர் சிலிண்டரை மட்டும் விட்டுவைக்காதீர்கள். அதில் ஒரே அறை, ஒரே வழி. ஏதோ ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்தால் நான்கு சக்கரமும் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்ட இரட்டை மாஸ்டர் சிலிண்டர் 1967 வாக்கில் அமெரிக்கக் கார்களில் பொதுவான பிறகு, அதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. சிலிண்டர் வண்டியின் தளத்துக்குக் கீழே இருப்பதால் எண்ணெய் பின்னோக்கி வடியும். அதைத் தடுக்க டிஸ்க் வழியில் 2 பிஎஸ்ஐ, டிரம் வழியில் 10 பிஎஸ்ஐ மிச்ச அழுத்த வால்வு போட வேண்டும். மலைப்பாதையில் நிறைய ஓட்டுவீர்கள் என்றால் முன்னால் டிஸ்க் மாட்டுவதில் தவறில்லை. பெடல் நெம்புகோலின் விகிதம் ஒன்றுக்கு ஆறு அளவில் இருந்தால் பூஸ்டர் இல்லாமலே கால் வலிக்காது. பிரேக் ஆயில் டாட் 3 அல்லது டாட் 4 என்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கொருமுறை முழுதும் வடித்து மாற்றுங்கள். டாட் 5 சிலிக்கோன் வகையோடு அதைக் கலக்கவே கூடாது.

ஸ்டியரிங்கில் முதலில் தேட வேண்டியது ஆட்டம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங்பின்னும் பேரிங்கும் தம் நிலையைச் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் பிடித்து அசைத்தால் டை ராட் முனைகள் சொல்லும். 45 மைல் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் முன்சக்கரங்கள் படபடவென்று உதறத் தொடங்கினால், ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை வாங்கி மாட்டி அதை அமுக்கப் பார்க்காதீர்கள். உதறலுக்குக் காரணம் தேய்ந்த கிங்பின்னாகவோ பேலன்ஸ் இல்லாத டயராகவோ போதாத காஸ்டராகவோ இருக்கும். நேர் ஆக்சிலுக்கு 5 முதல் 7 டிகிரி காஸ்டரும், பதினாறில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை டோ-இன்னும் நல்ல தொடக்கம். வண்டியில் வேகா வகை ஸ்டியரிங் பாக்ஸ் குறுக்காக இணைக்கப்பட்டிருந்தால் பேனார்ட் தண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் குறுக்கு ஸ்பிரிங் பக்கவாட்டில் அசையும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் விஷ்போன் நடுவில் பிரிக்கப்பட்டு இருபுறமும் சட்டத்தில் மாட்டப்பட்டிருந்தால், வெல்டிங் வைத்த இடங்களைச் சாயம் ஊற்றும் சோதனையில் பாருங்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் பயணத்தை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

பின்னால் பழைய ஃபோர்டு ஆக்சில் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. அதன் முனை கூம்பு வடிவம். டிரம் சாவியோடு அதில் ஏறி நட்டினால் இறுகுகிறது. ஆக்சில் முனை முறிந்தால் சக்கரமும் டிரம்மும் சேர்ந்தே வண்டியை விட்டுப் போய்விடும். டிரம்மைக் கழற்றி, சாவிக் குழியின் மூலைகளில் விரிசல் உண்டா என்று பாருங்கள். திரும்ப இறுக்கிய நட்டை முதல் நூறு மைலுக்குப் பின் மறுபடி சரிபாருங்கள்.

டயரை அதன் பக்கச்சுவரிலுள்ள தேதியைக் கொண்டு எடை போடுங்கள். கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஹாட் ராட் டயர் தேய்ந்து சாவதில்லை, காய்ந்து சாகிறது. பொத்தான் அளவு வெடிப்புகூட இல்லாமல் பளபளக்கும் பத்து வருட டயர் பாலைவன வெயிலில் வெடிக்கக்கூடியது. பயாஸ் பிளை டயரின் தோற்றம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 600 மைல் நேர் சாலையில் அது ஒவ்வொரு தடத்தையும் பின்தொடர்ந்து அலையும். ரேடியல் போடுங்கள். பழைய தோற்றத்தோடும் கிடைக்கிறது.

சூடு

ஃப்ளாட்ஹெட் ஏன் சூடேறுகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த எஞ்சினில் வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கில், வி-யின் உட்புறம் இருக்கின்றன. எரிந்த புகை அங்கிருந்து சிலிண்டர்களுக்கு இடையே பிளாக்கைக் கடந்து வெளிப்பக்கத்துக்கு வர வேண்டும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், ஆனால் புகை வெளிவரும் வாசல் மூன்றுதான். நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாசலைப் பகிர்கின்றன. அந்தப் புகைவழி முழுவதும் நீர் உறையால் சூழப்பட்டது. சைலன்சரில் போக வேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கு இப்படி உங்கள் ரேடியேட்டருக்கு வந்து சேர்கிறது. இது வடிவமைப்பின் குணம், பழுதல்ல. அதனால்தான் இந்த எஞ்சினில் ஒவ்வொரு சின்ன அலட்சியமும் வெப்பமானியில் தெரிகிறது.

பிளாக்கிலிருந்து தொடங்குங்கள். வார்ப்பின்போது உள்ளே தங்கிய மணலும் கம்பித் துண்டுகளும், எழுபது ஆண்டுத் துருவும் சேர்ந்து நீர் உறையின் அடியில் கெட்டியாகப் படிந்திருக்கும். இருபுறமும் உள்ள வடிகால் திருகைக் கழற்றுங்கள். நீர் பாய்ந்து கொட்ட வேண்டும். சொட்டினால் பின்னால் சேறு நிற்கிறது என்று பொருள். கம்பி விட்டுக் குத்தி, எதிர்த்திசையில் அழுத்த நீர் விட்டுக் கழுவுங்கள். எஞ்சின் கழற்றிய நிலையில் இருந்தால் அடைப்பு மூடிகளையும் எடுத்துவிட்டுக் கையால் சுரண்டுங்கள். அதே சமயத்தில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் உண்டா என்று காந்தச் சோதனை செய்யுங்கள். இந்தப் பிளாக்குகளில் அது மிகச் சாதாரணம்.

அடுத்தது பலர் எதிர்பாராத இடம், இக்னிஷன். 8பிஏவின் டிஸ்ட்ரிபியூட்டரில் சுழற்சி வேகத்துக்கேற்ப விரியும் எடைகள் கிடையாது. தீப்பொறியை முன்னுக்குத் தள்ளுவது முழுக்க வேக்குவம்தான். அந்த வேக்குவம் அதனோடு வந்த ஹோலி கார்புரேட்டரில் அதற்கென்றே அமைந்த துளையிலிருந்து கிடைத்தது. அந்தக் கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஸ்ட்ராம்பர்க் 97 இரண்டை மாட்டியதும் அந்தத் துளை இல்லை. எஞ்சின் ஓடும், ஆனால் தீப்பொறி எப்போதும் பிந்தியே வரும். பிந்திய தீப்பொறி என்றால் வால்வு திறக்கும்போதும் வாயு எரிந்துகொண்டிருக்கும். அந்தச் சூடு முழுவதும் நாம் மேலே பார்த்த புகைவழியாகப் பிளாக்குக்குள் போகும். இப்படி ஒரு வண்டிக்கு ரேடியேட்டருக்கு மேல் ரேடியேட்டர் மாற்றிப் பயனில்லை. எடைகள் கொண்ட டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்று மாட்டுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் காசிருக்கிறது, பிரேக் ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்றால், என் தேர்வு இதுதான்.

வெப்பம் எப்போது ஏறுகிறது என்பதே நோயைக் காட்டும். நின்று கொண்டிருக்கும்போதும் ஊர்ந்து செல்லும்போதும் ஏறினால் காற்று போதவில்லை. ஃபேன் உறை இல்லாமல் இருக்கலாம், ஃபேன் தொலைவில் இருக்கலாம். 60 மைலில் ஓடும்போது ஏறினால் நீர் ஓட்டத்தில் அடைப்பு, அல்லது பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது, அல்லது தீப்பொறி பிந்துகிறது. அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தை இடமிருந்து வலமாக அளந்து பாருங்கள். ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கத்தை விடுங்கள். தெர்மோஸ்டாட் எஞ்சினின் குறைந்தபட்ச வெப்பத்தைத்தான் தீர்மானிக்கிறது, உச்சத்தை அல்ல. அது இல்லாவிட்டால் இரண்டு பம்புகளும் தள்ளும் நீரை ரேடியேட்டரின் மேல்தொட்டி தாங்காமல் வழிகுழாய் வழியே வெளியே துப்பும். இரு ஹெட்டிலும் ஒரே அளவுடையதைப் போடுங்கள். ரேடியேட்டர் மூடி 4 பிஎஸ்ஐ அளவில் போதும். பழைய ரேடியேட்டரின் ஈயப்பற்றுக்கும் பம்ப் சீலுக்கும் அதிக அழுத்தம் ஆகாது. ஒரு பிஎஸ்ஐ கூடினால் கொதிநிலை சுமார் 3 டிகிரி ஃபாரன்ஹீட் உயரும். ஈலி ஊர் 6,400 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த நீர் 200 டிகிரியிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் பயப்பட வேண்டாத எண், அங்கே வேறு பொருள் கொள்ளும். கோடையில் கூலன்ட்டை பாதிக்குப் பாதி ஊற்றாமல் 30 சதவீதமாகக் குறைத்து, மீதியைக் கனிமம் நீக்கிய நீராக ஊற்றுங்கள். நீர்தான் சூட்டைச் சிறப்பாகச் சுமக்கும்.

இவ்வளவும் செய்த வண்டிக்குத் தேர்வு, லாஸ் வேகாஸ் போகும் வழியில் வரும் பேக்கர் ஏற்றம். அந்தச் சிற்றூரில் 134 அடி உயர வெப்பமானி ஒன்று நிற்கிறது. 1913இல் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 டிகிரியைக் குறிக்க எழுப்பியது. ஊரைத் தாண்டியதும் சாலை ஹாலரன் உச்சியை நோக்கி ஏறுகிறது. ஏறக்குறைய 3,000 அடி உயரம், நீளமாக, நிழலே இல்லாமல். பகல் பத்து மணிக்கு மேல் அங்கே போகாதீர்கள். விடியலுக்கு முன் பார்ஸ்டோவை விட்டுக் கிளம்புவது எந்த அலுமினிய ரேடியேட்டரையும் விட மலிவான மேம்பாடு.

மின்சாரம், பெட்ரோல்

6 வோல்ட் மோசம் என்ற பேச்சில் நியாயம் பாதிதான். பழைய ஃபோர்டில் தடிமனான பேட்டரி கேபிளும் சுத்தமான எர்த்தும் இருந்தால் ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றும். மெல்லிய 12 வோல்ட் கேபிளை 6 வோல்ட் வண்டியில் மாட்டியவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள். ஆனாலும் இரவில் ஓட்டுவதாக இருந்தால், எலெக்ட்ரிக் ஃபேன் வேண்டும் என்றால், 12 வோல்ட்டுக்கு மாறுங்கள். ஆல்டர்னேட்டர், காயில், எல்லா பல்புகளும், டாஷ்போர்டு மீட்டர்களுக்கு வோல்ட்டேஜ் குறைப்பான் ஆகியவை சேர்ந்து மாற வேண்டும். மாற்றத்தோடு துணிசுற்றிய பழைய வயர்களையும் எடுத்துவிடுங்கள். ஹெட்லைட்டையும் ஃபேனையும் ரிலே வழியாக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஃபியூஸ் வையுங்கள்.

அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் விற்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது பழைய ரப்பர் ஹோஸை உள்ளிருந்து கரைக்கும், டாங்கின் துருவைக் கிளப்பும், சூட்டில் எளிதில் ஆவியாகும். ஃப்ளாட்ஹெட்டின் பெட்ரோல் பம்ப் எஞ்சினின் மேல், சூட்டின் நடுவே உட்கார்ந்திருப்பதால் மலை உச்சியில் நிறுத்தி மறுபடி கிளப்பும்போது ஆவி அடைத்து வண்டி மறுக்கும். டாங்க் அருகே ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப் வைத்தால் அந்தத் தொல்லை தீரும். ஸ்ட்ராம்பர்க் 97இன் ஊசி வால்வு 3 பிஎஸ்ஐக்கு மேல் தாங்காது. ரெகுலேட்டரும், விபத்தில் பம்பை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்ச்சும் கட்டாயம். 93ஆம் நெடுஞ்சாலையில் பியோச்சுக்கும் ஈலிக்கும் இடையே நூறு மைலுக்கு மேல் இடைவெளி. பியோச்சில் டாங்க் பாதி இருந்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கியர்

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி, டயரின் விட்டத்தை அங்குலத்தில் வைத்து வகுத்தால் எஞ்சினின் சுற்று கிடைக்கும். 28 அங்குல டயரும் 3.78 ஆக்சிலும் என்றால் 65 மைலில் சுமார் 2,950 சுற்று. 8பிஏ தன் உச்ச சக்தியைத் தருவதே 3,600 சுற்றில்தான். நாள் முழுக்க அதற்கு அருகில் ஓட்டினால் சூடும் எண்ணெய்ச் செலவும் காதிரைச்சலும் கூடும். 0.72 ஓவர்டிரைவ் கொண்ட டி-5 ஐந்து கியர் பெட்டியில் அதே வேகத்துக்கு 2,120 சுற்றுதான். அதற்காக டார்க் குழாய்க்குள் மூடிய டிரைவ் ஷாஃப்ட்டையும் பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். அவ்வளவு வெட்டி ஒட்ட மனமில்லாதவர்களுக்குப் பழைய கொலம்பியா இரட்டை வேக ஆக்சிலோ, டார்க் குழாயில் பொருந்தும் ஓவர்டிரைவோ உண்டு. அதுவும் வேண்டாமென்றால் 55 மைலில் போங்கள். நெவாடாவின் சாலைகள் அந்த வேகத்தில்தான் கண்ணுக்குள் இறங்குகின்றன.

ஓட்டிப் பார்த்தல்

கிளம்புவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வண்டியில் புதிதாக எதையும் மாட்டாதீர்கள். அந்த மாதம் ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும். முதலில் வீட்டிலிருந்து 50 மைல் சுற்றளவு. திரும்பியதும் எல்லா நட்டையும் இறுக்கிப் பாருங்கள். அலுமினிய ஹெட் என்றால் எஞ்சின் முழுதும் ஆறிய பிறகுதான் டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். அடுத்து 100 மைல், பிறகு ஒரே நாளில் 300 மைல், பயணத்தில் கொண்டு போகும் அதே பெட்டிகளும் அதே துணையும் வண்டியில் இருக்க. எட்டு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். எண்ணெயை 1,000 மைலுக்கொருமுறை மாற்றுங்கள். பழைய கேனிஸ்டர் ஃபில்டர் எண்ணெயின் ஒரு பகுதியைத்தான் வடிக்கிறது.

பெட்டியில் கொண்டு போக வேண்டியதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாயிண்ட், கண்டன்சர், காயில், ஃபேன் பெல்ட், ஒரு ஜோடி வாட்டர் பம்ப், ஹோஸ், ஃபியூஸ், ஸ்டெப்னி, அங்குல அளவு ஸ்பேனர்கள், தீயணைப்பான், குடிநீர் தவிர எஞ்சினுக்கென்று 10 லிட்டர் நீர். மெட்ரிக் ஸ்பேனர் இந்த வண்டியில் நட்டின் முனையைத்தான் மழுக்கும்.

உப்புவெளியில்

வெண்டோவர் வந்து சேர்ந்து உப்பின் மேல் வண்டியை ஏற்றுவதற்கு முன், அடிப்பக்க மின்னிணைப்புகளிலும் பிரேக் குழாய்களிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசிக்கொள்ளுங்கள். மட்கார்டு இல்லாத வண்டியில் உப்பு எங்கெல்லாம் தெறிக்கும் என்று நினைத்துப் பார்க்காத இடமெல்லாம் தெறிக்கும். ரேடியேட்டரின் முகத்தில் அப்பினால் காற்றோட்டமே குறையும். ஊருக்குள் வந்ததும் ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி நீர் விட்டுக் கழுவுங்கள். வீடு சேர்ந்த அன்றே, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரை வண்டிக்கு அடியில் வைத்துச் சில மணிநேரம் ஓடவிடுங்கள். அவ்வப்போது இடம் மாற்றுங்கள். சட்டத்தின் உட்குழியில் ஹோஸைத் தனியாக நுழைத்துக் கழுவ வேண்டும், உப்பு அங்கேதான் தங்கி ஆண்டுக்கணக்கில் தின்னும். பிரேக் டிரம்களைக் கழற்றி உள்ளே துடையுங்கள். பேட்டரியின் எர்த் இணைப்பைப் பிரித்துச் சுரண்டி மாட்டுங்கள். எல்லாம் உலர்ந்ததும் கிங்பின், ஸ்பிரிங் ஷேக்கிள், டை ராட் என்று ஒவ்வொரு கிரீஸ் நிப்பிளிலும் பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும் வரை அழுத்துங்கள்.